ஓர் உருண்டை போதும்

சப்ரகமுவத் தோட்டங்களில் மாடு வளர்க்கும் என் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்



இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கத்து மலைகளில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, விரலில் ஒட்டிய கறையைக் கழுவுமுன்னே புல்லுக்கட்டுக்குக் கிளம்புகிறவர்கள் நீங்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டைப் பக்கத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகவேண்டும் என்பதற்காக, அதற்கும் முன்னே எழுந்து மாட்டுப்பால் கறந்து வைக்கிறவர்கள் நீங்கள். லயத்துக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, பழைய தகரம் போட்ட கொட்டில். அதில் ஒன்றோ இரண்டோ மாடு. பிள்ளையின் ரியூஷன் காசும், கடைக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியும், அவசரத்துக்கு அடகு மீட்கும் பணமும் அந்த மாட்டின் மடியிலிருந்துதான் வருகின்றன. நானும் அப்படி ஒரு மாட்டால் படித்தவள். பிறகு இருபத்தெட்டு வருடம் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இரத்தினபுரி, கேகாலை ஆகிய இந்த இரண்டு மாவட்டத்து லயங்களிலும் ஏறி இறங்கியவள்.

தைப்பொங்கல் வருகிறது. அடுத்த நாள் மாட்டுப் பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, வாழையிலையில் பொங்கல் வைத்து ஊட்டுவோம். அந்த நாளுக்கு முன் இந்த மடல் உங்கள் கைக்கு வரவேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். நாம் ஆசையாக அள்ளி வைக்கும் சோறே மாட்டைக் கொன்றுவிடும். இதை எங்கோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் கையாலேயே அது நடந்திருக்கிறது.

எங்கள் வீட்டு மாட்டுக்குப் பெயர் சிவப்பி. ஜேர்சி கலந்தது. நான் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்த வருடம் மூன்றாவது ஈத்தில் இருந்தாள். காலையில் நாலரை லீற்றர், பின்னேரம் மூன்று லீற்றர் தருவாள். எங்கள் லயத்தில் ஒரு கலியாணம் நடந்தது. பந்தி முடிந்த பிறகு ஒன்றரை அண்டாச் சோறு மிஞ்சிவிட்டது. விடிந்தால் புளித்துப்போகும். எல்லோரும் களைத்துப் படுத்துவிட்டார்கள். "சோத்தக் கொட்டக் கூடாதுடி, மாட்டுக்கு வையி" என்றார் அம்மாயி. நான்தான் வாளி வாளியாகக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினேன். சிவப்பி தலை தூக்காமல் தின்றாள். அவள் நாக்கு தொட்டியைச் சுழற்றித் துடைக்கும் சத்தம் கேட்டு எனக்கு மனம் நிறைந்துபோனது. இன்னும் ஒரு வாளி வைத்துவிட்டுத்தான் தூங்கப் போனேன்.

காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. எழுப்பினால் எழுந்தாள், ஆனால் கள் குடித்தவர் போலப் பின்கால் பின்னியது. அசை போடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தாள். சாணி வெளிறிப்போய், தண்ணீராக, பழங்கஞ்சி கெட்டுப்போன நாற்றத்தோடு போனது. இடது விலாவைக் கையால் ஆட்டினால் பாதி நிரம்பிய தண்ணீர்க் கேனை ஆட்டுவது போலச் சளசளத்தது. ஒருவர் கண்ணேறு என்று மிளகாய் சுற்றினார். இன்னொருவர் பால் காய்ச்சல் என்றார். மத்தியானத்துக்குள் கண்கள் குழிக்குள் போய்விட்டன, காது சில்லிட்டுவிட்டது. தலையை வயிற்றுப் பக்கம் மடித்து வைத்துப் படுத்துவிட்டாள். சிங்கள டொக்டர் ஒருவர் பின்னேரம் வந்தார். வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், சாணியை முகர்ந்தார். தெரிந்த கொஞ்சத் தமிழில், "உள்ளுக்கு சோறு புளிச்சிட்டு" என்றார். ஊசி போட்டார், மருந்து ஊற்றினார், கூடவே இருந்தார். நேரம் தாண்டிவிட்டது. மறுநாள் பின்னேரம் சிவப்பி போய்விட்டாள்.

அம்மாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சோற்றைக் கொட்ட மறுத்ததன் காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். 1973, 74ஆம் வருடங்களை நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. பங்கீட்டு அரிசி குறைந்தது, மா கிடைக்கவில்லை, தோட்டத்தில் வேலை நாளும் குறைந்தது. காட்டுக் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டார்கள். பசியிலேயே செத்தவர்களும் உண்டு. பிள்ளை குட்டிகளோடு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பெயர்ந்து போனவர்களும் உண்டு. அந்தப் பஞ்சத்தில் பிழைத்தவருக்கு ஒரு பருக்கைச் சோறு ஒரு சொட்டு உயிர். அதை மண்ணில் கொட்டுவதை விட மாட்டுக்கு வைப்பது புண்ணியம். 2022இல் அரிசி விலை ஏறியபோது நாமும் அப்படித்தான் ஆனோம். ஆகவே நம் லயங்களில் மாட்டுக்கு அளவில்லாமல் சோறு வைப்பதில் அலட்சியம் எதுவும் இல்லை. நம்முடைய பசியை மாட்டின் பசியாக நினைத்து, நமக்கு உயர்ந்ததை அதற்குக் கொடுக்கிறோம். தப்பு அங்கேதான் நடக்கிறது. மாட்டின் பசி வேறு விதமான பசி.

அந்த வயிற்றைக் கொஞ்சம் திறந்து காட்டுகிறேன். மாட்டுக்கு இரைப்பை நாலு அறை. முதலாவது பெருவயிறு. இடது பக்கம் முழுக்க அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. வளர்ந்த மாட்டில் அது நூறு லீற்றர் பீப்பாய் போன்றது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. புல்லையும் வைக்கோலையும் உடைத்து, மாட்டுக்குச் சத்தாக்கிக் கொடுப்பவை அவைதான். நாம் தின்றால் சீரணிக்காத புல்லை மாடு பாலாக்குவது அவற்றின் உழைப்பால். அவை உயிரோடிருக்க, அந்த வயிற்றில் புளிப்பு ஏறக் கூடாது.

புளிப்பு ஏறாமல் காப்பது மாட்டின் எச்சில். மாடு அசை போடும்போது வாயில் ஊறும் எச்சிலில் நம் அப்பச்சோடாவில் இருக்கும் அதே காரச் சத்து இருக்கிறது. பெரிய கறவை மாடு ஒரு நாளைக்கு நூறு லீற்றருக்கு மேல் எச்சில் சுரக்கும். நார் அதிகமுள்ள தீனி தின்றால்தான் மாடு நன்றாக அசை போடும். ஒரு கவளத்தைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து ஐம்பது தடவை அளவில் மெல்லும். நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடுவதிலேயே கழியும். சோறு அப்படியில்லை. மெல்ல வேண்டியதே இல்லை, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். எச்சிலும் ஊறாது.

இனி தோசை மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி, சட்டியை மீறி வழிந்து, புளித்திருக்கும் அல்லவா? அதைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களின் உறவுகள் மாட்டு வயிற்றிலும் இருக்கின்றன. வழக்கத்தில் அவை கொஞ்சம்தான். திடீரென்று அண்டாச் சோறு வந்து விழுந்தால், சில மணி நேரத்துக்குள் பல மடங்காகப் பெருகி, பால் புளிக்கும் அதே அமிலத்தைக் குடம் குடமாக உண்டாக்கிவிடுகின்றன. புல்லைச் செரிக்கும் நல்ல உயிர்கள் அந்தப் புளிப்பில் செத்துப்போகின்றன. வயிற்றின் அசைவு நின்றுவிடுகிறது. உடம்பின் தண்ணீரெல்லாம் அந்தப் பீப்பாய்க்குள் இழுக்கப்படுகிறது. வயிற்றில் சளசளப்பும் கண்ணில் குழியும் ஒரே நேரத்தில் வருவது அதனால்தான். அமிலம் இரத்தத்தில் கலந்ததும் மாடு தள்ளாடி விழுகிறது. விழுந்து கிடக்கும் கோலம் பால் காய்ச்சல் போலவே இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். முந்தின நாள் மாடு என்ன தின்றது என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மருந்து மாறிப்போகும்.

வெந்த சோறு, கோதுமை மா, பாண் துண்டு, அரைத்த சோளம், குருணை, கஞ்சி, சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், பலாப்பழம் எல்லாம் ஒரே குடும்பம். மாவும் சர்க்கரையும்தான் அவற்றின் சாரம். வெந்தது பச்சையை விட வேகமாகப் புளிக்கும், அரைத்தது முழுத் தானியத்தை விட வேகமாகப் புளிக்கும். நம் ஊரில் பலா விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் பலா மரம் இல்லாத தோட்டம் எது? பழுத்து விழும் காலத்தில் கயிறு அறுத்துக்கொண்டு போன மாடு மரத்தடியிலேயே நின்று சுளை, கொட்டை, சக்கை எல்லாவற்றையும் தின்றுவிட்டு வரும். மறுநாள் வயிறு ஊதி நிற்கும். பழுக்கும் காலத்தில் மரத்தடியில் மாட்டைக் கட்டாதீர்கள். வீட்டில் பலா வெட்டினால் மிஞ்சும் மடலைக் கொஞ்சமாக, புல் தின்ற வயிற்றுக்கு மட்டும் கொடுங்கள்.

சிவப்பிக்கு நடந்தது ஒரே இரவில் வந்த இடி. அதை விட அதிகமாக நான் கண்டது மெதுவாக அரிக்கும் நோய். மழை நாளில் புல்லறுக்கப் போக முடியாது. களைநாசினி அடித்த மலையில் வாரக் கணக்கில் அறுக்கவும் கூடாது. புல் குறைந்த இடத்தை நிரப்ப, தவிடும் குருணையும் கஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். மாடு சாகாது. ஆனால் ஒரு நாள் தின்னும், ஒரு நாள் முகம் திருப்பும். சாணி ஒரு நாள் இறுகும், ஒரு நாள் நுரை கட்டி இளகும், அதில் செரிக்காத பருக்கை தெரியும். பாலில் கொழுப்பு குறையும். பால் சேகரிப்பவர் கொழுப்புப் பார்த்துத்தான் விலை போடுகிறார். லீற்றர் கூடியும் கையில் காசு கூடவில்லையே என்று குழம்பும் அக்காமார், முதலில் மாட்டின் தொட்டியைப் பாருங்கள். சில மாதத்தில் குளம்பு சூடாகி நொண்ட ஆரம்பிக்கும். புளிப்பில் புண்ணான வயிற்றுச் சுவர் வழியாகக் கிருமி ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி வைக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது, மாடு தேறாமலே இருக்கும்.

கன்று போட்ட மாட்டுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பிள்ளை பெற்றவளுக்குச் செய்வது போல அதற்கும் முதல் நாளே கஞ்சியும் புண்ணாக்கும் தவிடுமாகக் கொட்டுகிறோம். அதுவரை புல்லில் பழகியிருந்த வயிறு அதைத் தாங்காது. கன்று போடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே தினம் ஒரு கிலோ வரை தீவனம் காட்டிப் பழக்குங்கள். போட்ட பிறகு இரண்டு வாரத்துக்குள் படிப்படியாக ஏற்றுங்கள். பால் எவ்வளவோ அவ்வளவுக்குத் தீவனம் என்பது சரி. அதை அடைவதற்கு நாள் வேண்டும்.

காளைக்கன்று வளர்த்து விற்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. மாவனெல்லைப் பக்கத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது, நல்ல விலைக்குப் போகட்டும் என்று கடைசி ஒரு மாதம் குருணையும் சோளமாவும் ஏற்றிக் கொழுக்க வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விற்க நாலு நாள் இருக்கையில் வயிறு நின்று காளை படுத்துவிட்ட வீட்டின் துக்கத்தையும் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பட்டி பட்டியாகப் பல்லாயிரம் காளைகளைச் சோளத்திலும் பார்லியிலும் கொழுக்க வைக்கிறார்கள். பெருந்தொழிலாகவே நடத்தும் அவர்கள்கூட ஒரே நாளில் தானியத்துக்கு மாற்றுவதில்லை. மூன்று வாரம் அளவில் எடுத்து, ஒவ்வொரு படியாக நாரைக் குறைத்துத் தானியத்தை ஏற்றுகிறார்கள். கடைசிப் படியிலும் கொஞ்சம் வைக்கோலை விட்டு வைக்கிறார்கள். அப்படியிருந்தும் அறுக்கும் இடத்தில் ஈரலைத் திறந்து பார்க்கும்போது சீழ்க்கட்டிகள் நிறையவே தெரிகின்றன. விஞ்ஞானமும் மருந்தும் கையிலிருக்கும் இடத்திலேயே மாட்டு வயிறு அவசரத்தை மன்னிக்கவில்லை என்றால், நம் கொட்டிலில் நாம் எவ்வளவு பொறுமையாக இருக்கவேண்டும்?

ஆகவே நீங்கள் செய்யவேண்டியதை இனி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் புல், பிறகுதான் மற்றது. காலையில் வெறும் வயிற்றில் தவிடோ மாவோ வைக்காதீர்கள். முந்நூறு கிலோ நிறையுள்ள மாட்டுக்கு ஒரு நாளைக்கு முப்பது கிலோ பச்சைப்புல் வேண்டும். நம் இரத்தினபுரி மழையில் வளரும் இளம்புல் தண்ணீர்ச் சத்து நிறைந்தது, நார் குறைந்தது. அதோடு இரண்டு கிலோ வைக்கோல் சேர்த்தால் அசை நன்றாக ஓடும். எம்பிலிப்பிட்டியப் பக்கத்தில் நெல் அறுவடைக்குப் பிறகு வைக்கோல் குவிந்து கிடக்கிறது. ஒரு லயம் சேர்ந்து ஒரு லொறி எடுத்தால் ஒரு வீட்டுக்குப் பெரிய செலவாகாது. மழை படாத பரணில் கட்டி வையுங்கள். கறுத்துப் பூசணம் பிடித்ததைக் கொடுக்காதீர்கள்.

புல்லுக்கு நிலம் எங்கே என்று கேட்பீர்கள். வீடு கட்டவே இடம் போதாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கான் ஓரம், படிக்கட்டுப் பாதையின் இரு பக்கம், கொட்டிலிலிருந்து கழுவு நீர் ஓடும் பள்ளம் இவற்றில் கோ-3 கரணை நட்டால் சாணித் தண்ணீரிலேயே பொங்கி வளரும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவாகி வந்த புல் அது. பெயரில் உள்ள 'கோ' அந்த ஊரின் முதலெழுத்து. ஆளுயரம் வருமுன் அறுத்தால் தண்டு மென்மையாக இருக்கும். வேலிக்குக் கிளிசரிடியாக் கம்பு நடுங்கள். அதன் இலையில் புரதம் நிறைய இருக்கிறது. வெட்டி ஒரு நாள் வாட வைத்துக் கொடுத்தால் மாடு நாற்றம் பார்க்காமல் தின்னும். தீனியில் கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பயிரில்லாத சரிவுத் துண்டுகளில் புல் நட அனுமதி கேட்க வேண்டுமென்றால் தனித்தனியாகப் போகாதீர்கள். மாடு வைத்திருக்கும் எல்லா வீட்டாரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி, மாட்டு எருவைத் தோட்டத்துக்குத் தருகிறோம் என்ற வாக்கோடு போங்கள். தேயிலைக்கு எரு வேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும். பேசினால் இடம் கிடைக்கும்.

தீவனத்தைப் பிரித்துக் கொடுங்கள். ஒரு வேளைக்கு இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். புதிதாக எதைத் தொடங்கினாலும் அரைக் கிலோவில் தொடங்கி, மூன்று நாளுக்கு ஒரு தடவை கால் கிலோ மட்டும் ஏற்றுங்கள். இடையில் சாணி இளகினால் ஏற்றுவதை நிறுத்தி, முந்தின அளவுக்கே திரும்புங்கள். நல்ல தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். கறவை மாடு நாளுக்கு நாற்பது ஐம்பது லீற்றர் குடிக்கும்.

மிஞ்சிய சோறு இருந்தால் பதறாதீர்கள். வெயிலில் பரப்பி நன்றாகக் காய வைத்தால் பல நாளைக்கு வரும். தினம் இரண்டு கைப்பிடி மட்டும் தவிட்டோடு கலந்து கொடுக்கலாம். கோழி வைத்திருக்கும் வீட்டுக்கும் பங்கு கொடுங்கள். அண்டாவை மூடி, மாடு முட்டித் திறக்காத இடத்தில் வையுங்கள். சோற்றோடு லஞ்ச் ஷீட்டும் சிலிசிலிப் பையும் போய்விடாமல் ஒரு தடவை கையால் துழாவிப் பாருங்கள். அது உள்ளே போனால் சாணியில் வராது, அடைத்துக்கொண்டு தங்கிவிடும்.

மாட்டோடு தினமும் இரண்டு நிமிடம் செலவழியுங்கள். இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே முக்கோணமாக ஒரு பள்ளம் இருக்கும். அதில் கையை முட்டியாக மடக்கி அழுத்தி வைத்துக்கொண்டு அமைதியாக நில்லுங்கள். உள்ளே பெருவயிறு புரள்வது, யாரோ உள்ளிருந்து உங்கள் கையைத் தள்ளுவது போலத் தெரியும். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை தள்ளினால் வயிறு வேலை செய்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் அன்றைக்குத் தவிடு வேண்டாம், வைக்கோல் மட்டும். அசை போடும்போது ஒரு கவளத்துக்கு எத்தனை மெல்லல் என்று எண்ணிப் பாருங்கள். நாற்பதுக்குக் கீழே போனால் நார் போதவில்லை. இந்தக் கணக்கை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் ஆசையோடு எண்ணுவார்கள்.

மாடு அளவுக்கு மீறித் தின்றுவிட்டது என்று தெரிந்தால், நோய் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். முதல் சில மணி நேரம்தான் உயிர் காக்கும் நேரம். டொக்டர் வரும்வரை மிச்சத் தீனியை அகற்றி, வைக்கோல் மட்டும் காட்டி, நிற்க முடிந்தால் மெதுவாக நடக்க விடுங்கள். ஒரே மூச்சில் தொட்டி நிறையத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். அப்பச்சோடா கரைத்து ஊற்றலாமா, எவ்வளவு என்பதைப் போனில் டொக்டரிடம் கேளுங்கள். மாட்டின் நிறையைப் பொறுத்து அவர் அளவு சொல்வார். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வெல்லம் சேர்த்த கைமருந்து வேறு வயிற்று நோய்க்கு உதவலாம். சோற்றில் புளித்த வயிற்றுக்கு அது மேலும் புளிக்க இரை போடுவதாகிவிடும். நம் பகுதியில் டொக்டர் ஒருவர் பல தோட்டம் பார்க்கவேண்டியிருக்கிறது. மலைப்பாதையில் ஓட்டோ ஏறி வர நேரம் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் டொக்டரின் போன் இலக்கத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கட்டும். பெரிய எழுத்தில், கொட்டிலுக்குப் பக்கத்தில்.

இப்போது மாட்டுப் பொங்கலுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தையிலும் கால்நடை மருத்துவர்கள் இதே எச்சரிக்கையைச் சொல்கிறார்கள். பண்டிகை முடிந்த மறுநாள் அவர்கள் வாசலில் வயிறு ஊதிய மாடுகள் வந்து நிற்கின்றன. நம் லயத்தில் அது எப்படி நடக்கிறது என்று நான் நின்று கவனித்திருக்கிறேன். யாரும் அள்ளிக் கொட்டுவதில்லை. ஒவ்வொரு வீடும் ஓர் இலைப் பொங்கல்தான் கொண்டுவருகிறது. ஆனால் லயத்தில் பன்னிரண்டு காமரா, மாடு இரண்டு. தன் வீட்டுப் பொங்கலை மாடு தின்னாமல் போனால் மனம் சங்கடப்படும் என்று ஒவ்வொருவரும் கொம்பைப் பிடித்து ஊட்டிவிட்டுப் போகிறார்கள். கடைசியில் மாட்டின் வயிற்றில் ஓர் அண்டாப் பொங்கல் சேர்ந்துவிடுகிறது. கொடுத்தவர் எவருக்கும் தான் அதிகம் கொடுத்ததாகத் தெரியாது.

எங்கள் லயத்தில் இதற்கு ஒரு வழி செய்தோம். சிவப்பி போய்ப் பல வருடத்துக்குப் பிறகு, நான் வேலையில் சேர்ந்து முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு நாகு வாங்கிக் கொடுத்த தையில் அது தொடங்கியது. காலையில் மாட்டுக்கு வயிறு நிறையப் புல்லும் வைக்கோலும் போட்டுவிட்டோம். பொங்கல் பொங்கியதும் அம்மா ஒரே ஒரு வாழையிலையை எடுத்துக்கொண்டு லயத்தின் முதல் காமராவிலிருந்து கடைசிக் காமரா வரை நடந்தார். ஒவ்வொரு வீட்டுப் பானையிலிருந்தும் ஒரு விரற்கிள்ளு பொங்கல் அந்த இலையில் விழுந்தது. ஒரு வீட்டில் முந்திரி வற்றல் தெரிந்தது, ஒரு வீட்டில் பயறு கூடியிருந்தது, ஒரு வீட்டில் சீனி போட வழியில்லாமல் வெண்பொங்கல். எல்லாவற்றையும் சேர்த்து அம்மா ஓர் உருண்டையாகப் பிடித்தார். தேங்காயளவுகூட இல்லை. பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகளும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, அந்த ஓர் உருண்டையை மாட்டின் வாயில் வைத்தார். அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பருக்கையும் மண்ணில் விழவில்லை.

இந்தத் தைக்கு உங்கள் லயத்திலும் ஒருவர் இலையை எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அன்று இரவு படுக்கப் போகுமுன் கொட்டிலுக்கு ஒரு தடவை போங்கள். இடது பள்ளத்தில் முட்டியை வைத்து, உள்ளிருந்து அது உங்கள் கையைத் தள்ளும்வரை நின்றுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
இறக்குவானைப் பக்கத்து லயத்தில் பிறந்த உங்கள் அக்கா